தம்பியின் பெயரில் வந்த குளிசை

மல்லாவிக்கு வெளியே, காடு வெட்டிப் புதிதாகப் போட்ட குடியிருப்பில் எங்களுக்கு ஒரு துண்டுக் காணி கிடைத்தது. உழவு இயந்திரப் பெட்டியிலிருந்து சாமான்களை இறக்கி முடியவில்லை, அதற்குள் பக்கத்துக் கொட்டில் அக்கா வந்து நின்று எங்கள் பாத்திரங்களை எண்ணுவதுபோலப் பார்த்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் செபமாலை. தாங்கள் முல்லைத்தீவுக் கரையிலிருந்து வந்த மீன்பிடிக் குடும்பம் என்று அவராகவே சொன்னார். நாங்கள் கேட்கவில்லை.

"தங்கச்சி, முதல் தண்ணி விசயத்தைச் சொல்லிப்போடுறன். குடிக்கிறதுக்குப் பள்ளிக்கூடக் கிணறு. கிட்டக் கிடக்கிற கிணறு குளிக்கத் தோய்க்க மட்டும், அதைக் குடிச்சால் வயித்தால அடிக்கும். சங்கக்கடைக்கு மண்ணெண்ணெய் வந்தால் மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும். போத்திலைக் கொண்டுபோய் வரிசையில வைச்சிட்டு வந்து வேலையைப் பாருங்கோ. போத்தில் நிண்டால் நீங்கள் நிண்ட மாதிரி. ஆஸ்பத்திரிக்குப் போறதெண்டால் மருந்துத் தண்ணிக்கு ஒரு போத்திலும் குளிசை சுத்த ஒரு கொப்பி ஒற்றையும் கொண்டு போங்கோ. அங்க டொக்டர் மட்டும்தான் இருக்கிறார், வேற ஒண்டும் இல்லை."

மூச்சு விடாமல் இவ்வளவையும் சொல்லிவிட்டு, "வீட்டில எத்தினை பேர்?" என்று கேட்டார்.

"மூண்டு பேர். நான், இவர், என்ர தம்பி" என்றேன்.

இடுப்பில் செருகியிருந்த ஒரு கொப்பியை எடுத்து அதில் எழுதிக்கொண்டார். எனக்கு அந்த நிமிடமே அவரைப் பிடிக்காமல் போனது.

நான் பிறவியிலேயே சந்தேகக்காரி. ஒரு தேங்காய் வாங்குவதென்றால் மூன்று தரம் காதருகே ஆட்டிப் பார்ப்பேன். யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டதிலிருந்து அந்தக் குணம் இன்னும் முற்றிவிட்டது. வழியில் உதவிக்கு வந்தவர்களில் பாதிப்பேர் எதையாவது பிடுங்கிக்கொண்டுதான் போனார்கள். ஆகவே அக்கா சொன்னவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். கிட்டக் கிணற்றைத் தனக்கென்று வைத்துக்கொண்டு எங்களைத் தூரத்துக்கு நடக்க விடுகிறாரோ என்று இரண்டு நாள் வேலி இடுக்கால் பார்த்தேன். அவரும் குடத்தை இடுப்பில் ஏந்திக்கொண்டு பள்ளிக்கூடக் கிணற்றுக்குத்தான் போனார். மண்ணெண்ணெய் வரிசையில் போத்திலை வைத்துவிட்டு, யாராவது எடுக்கிறார்களா என்று வேப்பமரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். ஒருவரும் தொடவில்லை. ஆஸ்பத்திரியில் காகிதம் இல்லாமல் போனவர்கள் குளிசை மாத்திரைகளைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு திரும்பினார்கள். எல்லாம் அவர் சொன்னபடியே இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. ஒரு லாபமும் இல்லாமல் ஒரு மனுசி ஏன் இவ்வளவு அலைய வேண்டும்?

சைக்கிள் கடையில் வேலை செய்துவிட்டு வந்த என் கணவரிடம் இதைச் சொன்னால், "அவ நல்ல மனுசி போலத்தான் கிடக்கு" என்பார். அவருக்கு எல்லாரும் நல்ல மனிதர்கள்தான். அவருக்கும் சேர்த்து நான் சந்தேகப்பட வேண்டியிருந்தது.

நாங்கள் வந்து ஒரு மாதத்துக்குள் தம்பி போய்விட்டான்.

தொண்ணூற்றேழில் வன்னியிலிருந்து வவுனியாவுக்குப் போவதென்றால் இயக்கத்திடம் பயண பாஸ் எடுக்க வேண்டும். பாஸ் எடுப்பதென்றால் போகிறவர் திரும்பி வருவார் என்று இன்னொருவர் பொறுப்பு நிற்க வேண்டும். இருபது வயதுப் பையனுக்கு அது கிடைக்காது என்று எல்லாருக்கும் தெரியும். தம்பி ஒருநாள் விறகுக்குப் போவதாகச் சொல்லிக் கோடரியோடு புறப்பட்டான். கோடரி மட்டும் காட்டு ஓரத்தில் கிடந்தது. வழி தெரிந்த இருவரோடு காட்டுக்குள்ளால் வவுனியாப் பக்கம் போய்விட்டான் என்பது நாலு நாள் கழித்து ஒரு துண்டுக் கடிதத்தில் தெரிந்தது. உயிரோடு போய்ச் சேர்ந்தான் என்று அழுதேன். பிறகுதான் மற்றது உறைத்தது. அவன் போனது வெளியில் தெரிந்தால் முதலில் கூப்பிடப்படுவது என் கணவர்தான். யார் வழி காட்டியது, யார் சொல்லி அனுப்பியது என்று விசாரிப்பார்கள். அப்படிக் கூப்பிடப்பட்டுப் போனவர்கள் எத்தனை நாளில் திரும்பினார்கள் என்பதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

"தம்பி இஞ்சதான் இருக்கிறான்" என்றார் கணவர். "அவ்வளவுதான் கதை. நீ வாயைக் கட்டிக்கொண்டிரு."

வாயைக் கட்டினால் மட்டும் போதாது என்று எனக்குப் பட்டது. நிவாரண அட்டையில் மூன்று பேர், ஆகவே கொட்டிலிலும் மூன்று பேர் தெரிய வேண்டும். தம்பியின் நீலச் சாரத்தைத் தோய்த்துக் கொடியில் போட்டேன். காய்ந்ததும் எடுத்தேன். அடுத்த நாள் மறுபடி நனைத்துப் போட்டேன். சாப்பாட்டு நேரத்தில் வேலிக்குக் கேட்கும்படி, "தம்பி, சோறு ஆறுது" என்று கூப்பிட்டேன். மூன்று கோப்பைகள் கழுவிக் கவிழ்த்தேன். யாராவது கேட்டால் விறகுக்குப் போய்விட்டான், வயலுக்குக் கூலிக்குப் போய்விட்டான், உள்ளே படுத்திருக்கிறான் என்று மாற்றி மாற்றிச் சொன்னேன். என் கெட்டித்தனத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

அதே நாட்களில் இன்னொன்றையும் மறைக்க வேண்டி வந்தது. எனக்கு இரண்டு மாதம் தள்ளிப்போயிருந்தது. இடம்பெயர்ந்த வருடம் கடல்நீரேரியைத் தாண்டி வந்த பத்தாம் நாள் ஒரு பிள்ளை என் வயிற்றில் தங்காமல் போனது. அப்போது எல்லாருக்கும் சொல்லிவிட்டிருந்தேன். மூன்று மாதம் முடியுமுன் வாய் திறந்ததால்தான் அப்படி ஆயிற்று என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள், நானும் நம்பினேன். இந்த முறை கணவரைத் தவிர ஓர் ஈ காக்கைக்கும் சொல்வதில்லை என்று முடிவெடுத்தேன். இந்தப் பிள்ளை எனக்கு வேண்டும். வீடு, தோட்டம், நகை, படிப்பித்த பள்ளிக்கூடம் எல்லாம் போன பிறகு எனக்கென்று வேண்டும் என்று நான் நினைத்த ஒரே விசயம் அதுதான்.

பக்கத்து அக்காவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. காலையில் அந்தக் கொப்பியோடு ஒவ்வொரு கொட்டிலாகப் போவார். "இண்டைக்கு ஆருக்கும் காய்ச்சலோ?" என்பார். பதிலை எழுதுவார். எங்கள் ஊர்ப் பக்கம் இருந்து வன்னிக்கு வந்தவர்களைக் குலைப்பன் காய்ச்சல், அதுதான் மலேரியா, விழுத்திக்கொண்டிருந்த காலம். சுகாதாரப் பகுதியார் அவருக்கு விரலில் குத்தி இரத்தம் எடுக்கவும் குளிசை கொடுக்கவும் பழக்கி, அந்தக் குடியிருப்புக்குத் தொண்டராக வைத்திருந்தார்கள். சம்பளம் இல்லை. இதை எல்லாரும் சொன்னார்கள். ஆனாலும் பெயர் எழுதுகிற கொப்பி என்றால் எனக்கு ஒத்துவராது. காய்ச்சலுக்கு எழுதுகிற கொப்பியை வேறு யார் யார் வாசிக்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஒருநாள் ஒரு சட்டியில் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தார். வந்த புதிதில் இதேபோல ஒருதரம் தந்தபோது சட்டியை வழித்துத் தின்றவள் நான். இந்த முறை மூடியைத் திறந்ததும் குடல் மேலே வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வேலிக்குப் பின்னால் ஓடினேன். திரும்பி வந்தபோது அவர் சட்டியை மூடியிருந்தார்.

"முழுகாமல் இருக்கிறியளோ, தங்கச்சி?"

"சீச்சீ, அப்பிடி ஒண்டுமில்லை. ராத்திரிச் சாப்பாடு பிடிக்கேல்லை" என்றேன், கொஞ்சம் கோபத்தோடு.

அவர் சட்டியையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கொப்பியில் எழுதுகிறாரா என்று பார்த்தேன். எழுதவில்லை.

பிறகுதான் அந்த இரத்தம் எடுப்பு வந்தது. காய்ச்சல் கூடிக்கொண்டு போகிறது, ஆகவே காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குடியிருப்பில் ஒருவர் விடாமல் எல்லாருடைய இரத்தமும் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா சின்னக் கண்ணாடித் துண்டுகளையும் ஊசிகளையும் ஒரு பிஸ்கட் தகரத்தில் வைத்துக்கொண்டு வந்தார். கணவர் விரலை நீட்டினார். என் முறை வந்தபோது, பெண்களிடம் அவர் கேட்கிற முதல் கேள்வி முழுகாமல் இருக்கிறதா என்பதுதான் என்று எனக்குத் தெரிந்திருந்ததால், "நான் போன கிழமைதான் ஆஸ்பத்திரியில குடுத்தனான்" என்று பொய் சொன்னேன்.

"தம்பி?"

"விறகுக்கு."

அடுத்த நாள் வந்தார். "வயலுக்கு" என்றேன். மூன்றாம் நாள் வந்து நின்றுகொண்டு, "தங்கச்சி, உங்கட தம்பின்ர மட்டும்தான் மிச்சம். இது இல்லாட்டில் மேல இருந்து ஆள் வந்து பாப்பினம்" என்றார்.

ஆள் வந்து பார்க்கவே கூடாது. "உள்ளுக்கைதான் படுத்திருக்கிறான். ஊசியெண்டால் சரியான பயம். குடுங்கோ, நானே குத்தி எடுத்துத் தாறன்."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு கண்ணாடித் துண்டையும் ஊசியையும் தந்தார். கொட்டிலை இரண்டாகப் பிரித்துக் கட்டியிருந்த சேலைக்குப் பின்னால் போனேன். "பயப்பிடாத, ஒரு சொட்டுத்தான்" என்று வெறும் பாயைப் பார்த்துச் சொன்னேன். என் விரலில் குத்தி இரத்தத்தைக் கண்ணாடியில் வைத்தேன். அவர் அதில் தம்பியின் பெயரை எழுதி வாங்கிக்கொண்டு போனார். ஒரு பெரிய கண்டத்தைத் தாண்டிவிட்டதாக நினைத்து அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

நாலாம் நாள் முடிவு வந்தது. கணவருக்கு ஒன்றுமில்லை. "உங்கட தம்பிக்கு மலேரியா இருக்கு" என்றார் அக்கா.

அந்த இரத்தம் யாருடையது என்று எனக்குத் தெரியும். இரண்டு மூன்று நாளாகப் பின்னேரங்களில் வந்த குளிரை நான் பிள்ளைத்தாய்ச்சிக் களைப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு காகிதச் சுருளை நீட்டினார். பத்து வெள்ளைக் குளிசைகள். இன்றைக்கு நாலு, நாளைக்கு நாலு, மறுநாள் இரண்டு.

"சிலபேர் போடாமல் ஒளிச்சு வைக்கிறதாலதான் எங்களை முன்னால நிண்டு விழுங்கப் பண்ணச் சொல்லியிருக்கினம். உங்கட தம்பிக்கு அது தேவையில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டிட்டுப் போடச் சொல்லுங்கோ. சாப்பிடாமல் போட்டால் பிரட்டும்" என்றார். வேறு ஒன்றும் கேட்காமல் போனார்.

மூன்று நாளும் போட்டேன். கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. குளிர் விட்டது. உண்மையில் அந்த இடத்தில் நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் என் மூளை அப்படி வேலை செய்வதில்லை. எல்லாரையும் முன்னால் நின்று விழுங்கப் பண்ணுகிறவர் என்னை மட்டும் ஏன் சும்மா விட்டார்? அன்றிலிருந்து அதையே போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன்.

விடை பள்ளிக்கூடக் கிணற்றடியில் கிடைத்தது என்று நினைத்தேன். தண்ணீருக்கு நின்ற பெண்களில் ஒருத்தி தன் மனுசனுக்கு வந்த மலேரியாவைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தாள். "பெரிய குளிசை முடிய, அஞ்சு நாளைக்குச் சின்னக் குளிசையும் தந்தவ. அதைப் போடாட்டில் காய்ச்சல் திரும்ப வருமாம்."

"எங்களுக்குச் சின்னக் குளிசை தரேல்லையே" என்றேன்.

"எங்களுக்கும் தந்தவ" என்றாள் இன்னொருத்தி. "எல்லாருக்கும் உண்டு."

எனக்குள் எல்லாம் பளிச்சென்று பொருந்தியது. அதுதான் விசயம். விழுங்குவதைப் பார்க்காமல் விட்டது, அவசரமாகப் போனது, எல்லாம் இதற்காகத்தான். மருந்து கிடைக்காத காலத்தில் ஒரு சுருள் குளிசைக்கு என்ன மதிப்பென்று எனக்குத் தெரியாதா? நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அக்கா குடத்தோடு வந்தார்.

"அக்கா, என்ர தம்பின்ர சின்னக் குளிசை எங்க?"

அவர் நின்றார். "அது அவருக்குத் தேவையில்லை, தங்கச்சி. பிறகு கதைப்பம்."

"என்னத்துக்குப் பிறகு? இப்பவே கதையுங்கோ. ஊரில உள்ள எல்லாருக்கும் தேவை, என்ர தம்பிக்கு மட்டும் தேவையில்லையோ? ஆருக்கு வித்தனியள்?"

வாளிக்கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். அக்கா என்னைப் பார்த்தார். சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தார். "நான் எடுக்கேல்லை" என்றுகூட அவர் சொல்லவில்லை. தன் முறை வந்ததும் தண்ணீர் அள்ளிக்கொண்டு போய்விட்டார். குற்றம் இல்லாதவள் என்றால் இரண்டு வார்த்தை பேசாமல் போவாளா என்று அவருடைய முதுகுக்குக் கேட்கும்படி சொன்னேன். பெண்கள் ஓம் ஓம் என்றார்கள். எனக்குக் காது வரை சூடாக, சந்தோசமாக இருந்தது.

செய்தி இரண்டு நாளில் மேலே போய்விட்டது. காய்ச்சல் வேலைக்குப் பொறுப்பானவர் மண்ணெண்ணெய்ப் புகை கக்கும் மோட்டார் சைக்கிளில் வந்தார். அக்காவின் கொட்டில் வாசலில் வைத்தே தகரத்தைத் திறந்து பார்த்தார். தம்பியின் பெயர் எழுதிய சின்னக் காகிதச் சுருள் பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. விற்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் எழுதிக் கொடுத்ததைக் கொடுக்காமல் வைத்திருந்தது பிழைதானே. ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டதற்கு அக்கா, "விடுபட்டுப் போச்சு ஐயா, மறந்திட்டன்" என்றார். ஒவ்வொரு கொட்டிலிலும் எத்தனை பேர் என்று மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர் அப்படிச் சொன்னது எனக்கே விசித்திரமாக இருந்தது. பொறுப்பானவர் கொப்பியையும் தகரத்தையும் வாங்கிக்கொண்டார். எங்களிடம் வந்து சின்னக் குளிசைச் சுருளை என் கையில் தந்து, "இண்டைக்கே தொடங்கச் சொல்லுங்கோ அம்மா" என்றார்.

அன்று பொழுதுபடும் நேரம், கணவர் இன்னும் வரவில்லை. ஜாம் போத்தில் விளக்கைக் கொளுத்திவிட்டு, ஒரு கோப்பையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, முதல் நாள் குளிசையை உள்ளங்கையில் வைத்தேன். என் வயிற்றில் இருந்த பிள்ளைக்காகத்தான் போட நினைத்தேன். காய்ச்சல் திரும்ப வந்தால் பிள்ளை தங்காது என்று பயம்.

படலையைத் திறக்கிற சத்தம் கேட்டது. அக்கா கூப்பிடாமலே உள்ளே வந்துவிட்டார். மூச்சு வாங்கியது.

"போட்டிட்டியளோ?"

கையை மூடிக்கொண்டேன். "திருப்பி வாங்க வந்தியளோ?"

"எனக்கு வேண்டாம். நீங்களே வைச்சிருங்கோ. ஆனால் போடாதேங்கோ."

"இது என்ர தம்பிக்கு."

அவர் பாயில் உட்கார்ந்து, வேலிக்குக் கேட்காத குரலில் கதைத்தார். "தங்கச்சி, உங்கட தம்பி போய் ஒரு மாசமாகுது. அந்த நீலச் சாரத்தை ஒவ்வொரு நாளும் கொடியில காணுறன். சவுக்காரம் இல்லாமல் சனம் பனங்காயில உடுப்புத் தோய்க்குது, ஒரு பொடியன்ர சாரத்தை ஆர் தினம் தினம் தோய்ப்பினம்? இனிக் கிழமைக்கு ஒருக்கால் போடுங்கோ. ரத்தம் எடுக்கப் போனது நீங்கள், வெளியில வரேக்க விரலைச் சேலைத் தலைப்பில சுத்திக்கொண்டு வந்ததும் நீங்கள். காய்ச்சல் உங்களுக்கு. கருவாட்டுச் சட்டியைக் கண்டு ஓடின அண்டைக்கே மற்றது எனக்குத் தெரியும். முழுகாமல் இருக்கிறவைக்குப் பெரிய குளிசை குடுக்கலாம், உந்தச் சின்னக் குளிசை கூடாது எண்டு எங்களுக்குப் படிச்சுப் படிச்சுச் சொல்லித் தந்தவை. வயித்துப் பிள்ளைக்குக் கூடாது."

ஆனாலும் பாருங்கள், அப்போதும் ஒரு மனம் சொல்லியது: தன் பிழையை மூடி மறைக்க இப்படி ஒரு கதையோடு வந்திருக்கிறாள், நம்பாதே, விழுங்கு. உண்மையாகவே கையைத் திறந்தேன்.

அவர் அதைக் கண்டார். தட்டிவிடவில்லை. "நம்பாட்டில் நம்பாதேங்கோ" என்றார். "நாளைக்கு ஆஸ்பத்திரியில மருத்துவிச்சி அம்மாவைக் கேளுங்கோ. வேற ஆருக்கோ எண்டு சொல்லிக் கேளுங்கோ. ஒரு நாள் பிந்திப் போட்டால் ஒண்டுமாகாது. விழுங்கினதை வெளியில எடுக்கேலாது."

எழுந்து போய்விட்டார். அவர் அழுதிருந்தால், கையைப் பிடித்துக் கெஞ்சியிருந்தால், நான் அந்தக் குளிசையைப் போட்டிருப்பேன். கேட்டுப் பாருங்கள் என்று சொன்னதால் போடவில்லை.

மறுநாள் காலை மல்லாவி ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்திக்கு என்று மருத்துவிச்சியிடம் குளிசையைக் காட்டினேன். அவர் அதை என் கையிலிருந்து பறித்தே விட்டார். "ஆர் குடுத்தது? பிள்ளைத்தாய்ச்சிக்கு உதைக் குடுக்கிறதோ? வயித்துப் பிள்ளைன்ர ரத்தத்தைக் கெடுத்துப்போடும். அந்தப் பிள்ளை போட்டிட்டாளோ?"

"இல்லை" என்றேன். "ஒரு ஆள் மறிச்சுப்போட்டா."

"மறிச்ச ஆளுக்குக் கோயில் கட்டச் சொல்லுங்கோ" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன். நேரே அக்காவின் கொட்டிலுக்குப் போய்க் காலில் விழாத குறையாக நின்றேன். "கிணத்தடியில போய் எல்லாற்ற முன்னாலயும் சொல்லுறன் அக்கா. நீங்கள் களவெடுக்கேல்லை எண்டு நானே சொல்லுறன்."

அவர் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "சொல்லிப்போடாதேங்கோ. ஏன் தரேல்லை எண்டு கேட்பினம். நீங்கள் முழுகாமல் எண்டு சொன்னால், தம்பின்ர பேரில ஏன் ரத்தம் குடுத்தனி எண்டு கேட்பினம். பிறகு உங்கட மனுசனைக் கூப்பிடுவினம். அண்டைக்குக் கிணத்தடியில நிண்டது பதினைஞ்சு பேர். நான் வாய் திறந்தால் ரெண்டு கதையும் வெளியில வந்திருக்கும்."

"அப்ப உங்கட பேர்?"

"பேருக்கு என்ன. பிள்ளை பிறக்கட்டும்."

எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். வெட்கம் பிறகுதான் வந்தது. அந்த வரிசையை நான் இன்றுவரை மாற்றிச் சொன்னதில்லை.

அவருக்குப் பதிலாக வேறொரு பெண்ணைத் தொண்டராகப் போட்டார்கள். அவள் கொட்டில் கொட்டிலாகப் போகமாட்டாள், காய்ச்சல்காரர் அவளைத் தேடிப் போக வேண்டும். அவள் இல்லாத நேரங்களில் குலைப்பன் வந்தவர்கள் சாக்கைப் போர்த்துக்கொண்டு அவள் படலையில் காத்துக் கிடந்தார்கள். புதிதாக வந்து இறங்குகிறவர்களுக்கு எந்தக் கிணறு குடிக்க, எது தோய்க்க என்று சொல்ல ஆள் இல்லை. அந்த மாரியில் கிட்டக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து இரண்டு குடும்பம் படுத்தது. அக்கா படலையில் நின்று அவர்களுக்குச் சொல்லித்தான் பார்த்தார். குளிசைக் கள்ளி சொல்வதை யார் கேட்பார்கள்?

கிணற்றடியில் எனக்கு மதிப்புக் கூடியிருந்தது. "நல்ல காலம் நீங்கள் கண்டுபிடிச்சனியள்" என்று எனக்கு முறை விட்டுக் கொடுத்தார்கள். நான் வாளியை இறக்கினேன், தண்ணீர் அள்ளினேன், வந்தேன்.

மகள் குறையில்லாமல் பிறந்தாள். அவள் பிறந்து ஐந்தாறு மாதத்தில் தம்பி வெளிநாடு போய்ச் சேர்ந்துவிட்டான் என்று ஆள்மூலம் கடிதம் வந்தது. அடுத்த பதிவில் அவனுடைய பெயர் அட்டையிலிருந்து சத்தமில்லாமல் விடுபட்டது, ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. இனிச் சொல்லலாம் என்று கணவரும் சொன்னார். நாளைக்கு என்றேன். அந்த நாளை ஒவ்வொரு நாளும் தள்ளிக்கொண்டு போனேன். இப்போது மறித்தது விசாரணைப் பயம் அல்ல. கண்ணில் எண்ணெய் விட்டுப் பார்க்கிற கெட்டிக்காரி என்று அந்தப் பெண்கள் என்னைப் பற்றி வைத்திருந்த பெயரைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த வருடம் கரைப் பக்கம் போனால் மறுபடி தொழில் செய்யலாம் என்று அக்காவும் மனுசனும் புறப்பட்டார்கள். உழவு இயந்திரப் பெட்டியில் வலையும் சட்டிகளும் கட்டிலும் ஏற்றியிருந்தது. பள்ளிக்கூடக் கிணற்றடியைக் கடந்துதான் போக வேண்டும். நாங்கள் ஏழெட்டுப் பேர் தண்ணீருக்கு நின்றோம். மகள் என் இடுப்பில் இருந்தாள்.

வண்டி பள்ளத்தில் இறங்கி மெதுவானபோது அக்கா பெட்டியின் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, மாரி வரப்போகுது. பிள்ளைக்குத் தண்ணியை நல்லாக் கொதிக்க வைச்சுக் குடுங்கோ. பொழுதுபட நுளம்பு கடிக்கிறதுக்கு முதல் போர்த்து விடுங்கோ."

நான் தலையைக்கூட ஆட்டவில்லை. வண்டி ஏறிப் போய்விட்டது.

பக்கத்தில் நின்றவள் கயிற்றை இழுத்துக்கொண்டே, "கள்ளி உங்களோட என்ன கதைக்கிறாள்?" என்று கேட்டாள்.

"ஆருக்குத் தெரியும்" என்றேன்.